தொழில் பயிலும் மாணவருக்கு நேர்வது என்ன? அமெரிக்க நகரச் சர்வகலாசாலைகளைப் பற்றிய ஓர் ஆய்வு

ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் வைத்தியமோ, சட்டமோ, சமூக சேவையோ, வர்த்தக நிர்வாகமோ பயிலும் பொருட்டு ஒரு பெருநகரத்துச் சர்வகலாசாலையில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து, இரண்டு முதல் நான்கு வருஷங்கள் கழித்து ஒரு தொழிலின் அங்கத்தினராக வெளியே வருகிறார். இந்த இடைக்காலத்தில் அவருக்கு நேர்வது என்ன? அவர் பெற்ற வித்தையின் அளவைப் பரீட்சைகள் ஓரளவு சொல்லிவிடும். அவருடைய மனப்பாங்கும், லட்சியமும், தம்மைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணமும், பிறர் துன்பத்தை அவர் நோக்கும் விதமும் என்னவாகின்றன என்பதைப் பரீட்சைத் தாள் காட்டுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தொழிற்கல்வியைப் பட்டத்திற்குப் பிந்தைய படிப்பாக வகுத்துச் சர்வகலாசாலையின் பொறுப்பில் ஒப்படைத்த நாளிலிருந்தே, இக்கேள்வி ஏதேனும் ஓர் உருவில் எழுந்துகொண்டிருக்கிறது. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், சிகாகோ ஆகிய நகரங்களே அதற்குப் பெரும்பாலும் களமாக இருந்திருக்கின்றன.

இதுவரை தோன்றிய விடைகளை அவை பிறந்த இடத்தோடும் காலத்தோடும் சேர்த்து நோக்கும்போது, மாணவருக்கு நேர்ந்தது என்ன என்பதில் அவை மாறுபடுவதைவிட, எந்த மாணவரைக் கேட்டறிந்தன என்பதிலேயே அதிகமாக மாறுபடுகின்றன என்ற எண்ணம் வலுப்படுகிறது. அவ்வெண்ணத்திற்கு ஆதாரம் எவ்வளவு உண்டு என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வக்கீலின் அலுவலகத்திலிருந்து சர்வகலாசாலைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில், சட்டம் பயில விரும்பிய அமெரிக்கர் ஒரு வக்கீலின் அலுவலகத்தில் அமர்ந்து, பத்திரங்களைப் பிரதி எடுத்தும், கிடைத்த நூல்களைப் படித்தும், நீதிமன்றத்திற்கு உடன் சென்றும் தொழிலைக் கற்றுக்கொண்டார். வைத்தியத்திலும் ஏறக்குறைய அதே வழிதான். அதனோடு, மாணவர் செலுத்திய கட்டணத்தை ஆசிரியர்களே பங்கிட்டுக்கொண்ட தனியார் கல்லூரி ஒன்றில் சில மாதகாலம் பிரசங்கங்களைக் கேட்பதும் சேர்ந்திருந்தது. 1870-ல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரான கிறிஸ்டஃபர் கொலம்பஸ் லாங்டெல், பாடப்புத்தகத்தை விளக்கும் பிரசங்கத்தைக் கைவிட்டு, மேல் நீதிமன்றத் தீர்ப்புகளை மாணவரே படித்து வரச் செய்து, கேள்விமேல் கேள்வி கேட்டு அவற்றின் நியாயத்தை அவர் வாயிலிருந்தே வருவிக்கும் முறையைப் புகுத்தினார். தொடக்கத்தில் மாணவர்கள் அதை வரவேற்கவில்லை. பெரும்பாலோர் அவருடைய வகுப்பை விட்டு விலகினர். பாஸ்டன் சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரி 1872-ல் தோன்றியதற்கு இம்முறையின்மேல் எழுந்த அதிருப்தியும் ஒரு காரணம் என்று கூறுவர். நியூயார்க்கில் இப்பிணக்கு இன்னும் வெளிப்படையாகவே நிகழ்ந்தது. கொலம்பியா சட்டக் கல்லூரியில் முப்பது வருஷங்களுக்கு மேல் பழைய முறையிலேயே போதித்துவந்த தியோடர் டுவைட், புதிய முறை அங்கே நுழைந்தபோது விலகிக்கொள்ள, அவரைப் பின்பற்றியவர்கள் 1891-ல் நியூயார்க் சட்டக் கல்லூரியை நிறுவினார்கள். மாணவருடைய அபிப்பிராயத்தை ஒருவரும் எழுதி வாங்காத அக்காலத்தில், ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றை நாடியவர்களின் தொகையே அவ்வபிப்பிராயத்தை அறிவித்தது.

வைத்தியக் கல்வியில் 1893-ல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரி, முன்பட்டம் இல்லாதவரைச் சேர்ப்பதில்லை என்ற நியதியை வகுத்தது. மேரி காரெட் என்னும் சீமாட்டி பெருந்தொகை அளித்து விதித்த நிபந்தனையின்படி, பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொண்டது. (பிற்காலத்தில் வேலூரில் வைத்தியக் கல்வியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கட்டர் அம்மையார், நியூயார்க் நகரத்துக் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றவர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.) 1910-ல் கார்னெகி நிறுவனத்தின் பொருட்டு ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, 155 வைத்தியக் கல்லூரிகளைப் பார்வையிட்டு, 31 இருந்தால் போதும் என்று சிபாரிசு செய்தது. சோதனைச்சாலை, மருத்துவமனை, சேர்க்கைத் தகுதி ஆகியவற்றைக் குறித்து அவ்வளவு நுட்பமாக எழுதிய அறிக்கையில், மாணவர் தாமே சொல்லக்கூடியதற்கு இடம் மிகக் குறைவு. அறிக்கையினால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. ஆயினும் கறுப்பு இனத்தவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும் தவிர மற்றவை அவசியமில்லை என்று அது தீர்மானித்ததும், பின்னர் நெடுங்காலம் அவ்விரண்டே எஞ்சி நின்றதும், யாருடைய அனுபவம் இனி ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் என்பதையே முன்கூட்டி நிர்ணயித்துவிட்டன. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்ட மாணவர் சமூகம் இந்த வடிகட்டலுக்குப் பின் எஞ்சியது என்பதை அவர்களுடைய நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

உருவாக்கம் என்னும் கட்சி

மாணவரின் அனுபவத்தை முறையாக ஆராயும் முயற்சி 1950-களில்தான் வலுப்பெற்றது. கொலம்பியா சர்வகலாசாலையின் சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்டனும் அவருடைய சகாக்களும், கார்னெல், பென்சில்வேனியா, வெஸ்டர்ன் ரிசர்வ் ஆகிய மூன்று வைத்தியக் கல்லூரிகளை ஆராய்ந்து, 1957-ல் 'தி ஸ்டூடன்ட் ஃபிசிஷியன்' என்ற தொகுப்பை வெளியிட்டனர். ஒரு தொழிலுக்குரிய அறிவும் திறமையும் மட்டுமல்லாமல், அதற்குரிய விழுமியங்களும் நடத்தை நெறிகளும் மாணவருக்குள் சிறிது சிறிதாகப் புகுந்து அவருடைய இயல்பாகவே ஆகிவிடுகின்றன என்பது இவர்கள் கொள்கை. ஆசிரியரை மூத்த சகாவாகவும் மாணவரை இளைய சகாவாகவும் கருதும் பார்வை இது.

இத்தொகுப்பில் இன்றும் பயன்தருவது ரெனே ஃபாக்ஸ் என்ற அம்மையார் எழுதிய பகுதி. நிச்சயமின்மையோடு வாழப் பழகுவதே வைத்திய மாணவரின் முதன்மையான பயிற்சி என்று அவர் கண்டார். தமக்குத் தெரியாதது ஒன்று, வைத்திய சாஸ்திரத்திற்கே இன்னும் தெரியாதது மற்றொன்று. இவ்விரண்டில் எதன் காரணமாகத் தாம் தடுமாறுகிறோம் என்று பிரித்தறிய முடியாமையே மாணவரை மிகவும் வருத்தும் மூன்றாவது நிச்சயமின்மை. நோயாளியின் எதிரில் நிற்கும் இளைஞரின் உள்ளத்தை இவ்வளவு தெளிவாகப் பகுத்துக் காட்டிய எழுத்து அதற்கு முன் அரிது.

கட்சியின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரி போதிக்க விரும்புவதும் மாணவர் உட்கொள்வதும் பெரும்பாலும் ஒன்றே என்று அது எடுத்துக்கொண்டது. ஆசிரியரும் மாணவரும் ஒரே நோக்கத்தோடு இணைந்து செல்லும் சூழலில் அந்த அனுமானம் பொருந்தலாம். இருவரின் நோக்கங்களும் முரண்படுமிடத்தில் அதனால் விளக்கம் தர இயலாது.

சமாளிப்பு என்னும் கட்சி

அந்த முரண்பாட்டையே மையமாகக் கொண்டது 1961-ல் வெளிவந்த 'பாய்ஸ் இன் ஒயிட்'. ஹோவர்டு பெக்கர், பிளாஞ்ச் கீர், எவரெட் ஹியூஸ், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் நால்வர், கான்சாஸ் சர்வகலாசாலையின் வைத்திய மாணவர்களோடு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் உடனிருந்து பழகிப் பார்த்து எழுதியது இது. முதல் வருஷ மாணவர் எல்லாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்ற தீவிர ஆவலோடு தொடங்கி, அது மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்பதைச் சில வாரங்களிலேயே கண்டுகொண்டு, ஆசிரியர் எதைப் பரீட்சையில் கேட்பார் என்று ஊகித்து அதையே படிக்கும் நிலைக்கு வந்து சேர்கிறார். இம்முடிவு தனித்தனியே எடுக்கப்படுவதன்று. சக மாணவர்கள் கூடிப் பேசி, எவ்வளவு உழைப்பது, எதை விட்டுவிடுவது என்று தமக்குள் ஓர் உடன்பாட்டை உண்டாக்கிக்கொள்கின்றனர். மருத்துவமனைக்குச் சென்றபின், கற்பதற்கு ஏதேனும் தரும் நோயாளியை விரும்புவதும், உடற்கோளாறு எதுவும் புலப்படாமல் முறையிடும் நோயாளியிடம் சலிப்புக் கொள்வதும் இதே தர்க்கத்திலிருந்து பிறப்பவை என்று இந்நூலாசிரியர்கள் காட்டினர்.

வைத்திய மாணவர் லட்சியத்தோடு வந்து அவநம்பிக்கையோடு வெளியேறுகிறார் என்ற பரவலான குற்றச்சாட்டுக்குப் பெக்கரும் கீரும் அளித்த பதில் நிதானமானது. லட்சியம் அழிந்துவிடவில்லை, படிப்புக்காலத்தின் நெருக்கடியில் ஒதுக்கி வைக்கப்பட்டு, பட்டம் அணுகும் தறுவாயில் முன்னைவிட விவரமறிந்த உருவில் திரும்புகிறது என்றனர். இக்கருத்தின் பிற்கால வாரிசாக, கனடாவின் ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையை ஆராய்ந்த ஜாக் ஹாஸும் வில்லியம் ஷாஃபிரும், மாணவர் உள்ளூர அஞ்சிக்கொண்டே வெளியில் திறமைசாலியின் தோற்றத்தை மேற்கொள்ளப் பழகுவதை 1987-ல் விவரித்தனர்.

மெர்டன் கட்சியினர் பெரிதும் கேள்வித்தாள்களை நம்பினர். பெக்கர் கட்சியினர் கூடவே இருந்து கண்டும் கேட்டும் எழுதினர். எழுத்தில் கேட்டால் மாணவர் தம் லட்சியத்தைச் சொல்வதும், சிற்றுண்டிச் சாலையில் உடன் அமர்ந்தால் தம் நெருக்கடியைச் சொல்வதும் இயல்பே. ஆகவே இரு நூல்களுக்கும் இடையே காணப்படும் பேதத்தில் ஒரு பங்கு ஆராய்ச்சி முறையின் பேதமாக இருக்கலாம். மேலும், இரு சாராரும் கண்ட மாணவர்கள் பெரும்பாலும் வெள்ளை இனத்து ஆண்கள், முழுநேரமும் படிப்பவர்கள், ஏறக்குறைய ஒரே பிராயத்தவர்கள். சக மாணவர்களிடையே உடன்பாடு எளிதில் உண்டாகிறது என்ற முடிவு, அவர்கள் ஏற்கெனவே பல விதத்தில் ஒத்திருந்தமையால் கிடைத்ததா என்ற ஐயம் இங்கே எழுகிறது.

இவ்விவாதத்தின் அண்மைக்கால உருவம் பிலடெல்பியாவில் கிடைக்கிறது. ஜெஃபர்சன் வைத்தியக் கல்லூரியில் முகமதுரேஸா ஹோஜத்தும் சகாக்களும் ஒத்துணர்வை அளக்க ஓர் அளவுகோல் அமைத்து, மாணவர்கள் மருத்துவமனை வார்டுகளில் நுழையும் மூன்றாம் வருஷத்தில் அது குறைகிறது என்று 2009-ல் அறிவித்தனர். அறிவிப்பு பெருங்கவலையை உண்டாக்கிற்று. மறு வருஷமே வேறு ஆராய்ச்சியாளர்கள், மாணவர் தம்மைப் பற்றித் தாமே இட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது மிகையாகும் என்று மறுத்தனர். ஒத்துணர்வு உண்மையிலேயே குறைந்ததா, அன்றி அனுபவத்தால் மாணவர் தம்மைக் கடுமையாக மதிப்பிடக் கற்றுக்கொண்டாரா என்பதை அந்த அளவுகோலால் மட்டும் தீர்மானிக்க முடியாது என்றே தோன்றுகிறது.

வகுப்பறையின் அதிகாரம்

சட்டக் கல்வியைப் பற்றிய விவாதம் வேறொரு திசையில் சென்றது. லாங்டெலின் கேள்விமுறை மாணவரை வக்கீலைப் போலச் சிந்திக்கப் பழக்குகிறது என்று அதன் ஆதரவாளர்கள் பெருமை கொண்டனர். ஹார்வர்டு ஆசிரியரே ஆன டங்கன் கென்னடி, 1983-ல் வெளியிட்ட சிறு நூலில், அம்முறை மேல்கீழ் அடுக்கை இயற்கையானதாக ஏற்க மாணவரைப் பழக்குகிறது என்று குற்றஞ்சாட்டினார். 1994-ல் லானி கினியரும் அவருடைய சகாக்களும் பிலடெல்பியாவின் பென்சில்வேனியா சர்வகலாசாலைச் சட்டக் கல்லூரியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இக்குற்றச்சாட்டுக்குச் சான்று தேடிற்று. ஒத்த தகுதியோடு நுழைந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே முதல் வருஷ முடிவிலேயே மதிப்பெண்ணில் இடைவெளி தோன்றியதையும், பெண்கள் வகுப்பில் குறைவாகப் பேசியதையும், பொதுநலச் சட்டப் பணியில் அவர்கள் கொண்டிருந்த நாட்டம் பிந்திய வருஷங்களில் தளர்ந்ததையும் அது எடுத்துக்காட்டியது. ஒரு கல்லூரியின் ஒரு காலகட்டத்தை மட்டும் கண்ட ஆராய்ச்சி என்ற வரம்பு அதற்கு உண்டு. ஆயினும், மௌனமாக அமர்ந்திருந்த மாணவர்களையும் விசாரிக்கத்தக்க சாட்சிகளாக ஏற்ற அதன் நேர்மை பெரிதும் பாராட்டத்தக்கது.

2007-ல் எலிசபெத் மெர்ட்ஸ் எட்டுச் சட்டக் கல்லூரிகளின் ஒப்பந்தச் சட்ட வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்து, மனிதருடைய துயரக் கதையொன்று வகுப்பறையில் எவ்வாறு வாதி, பிரதிவாதி, நியதி என்று உருமாறிவிடுகிறது என்பதைக் காட்டினார். அதே வருஷம் கார்னெகி நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, சிந்தனைப் பயிற்சியில் சட்டக் கல்லூரிகள் அடைந்த வெற்றியை ஒப்புக்கொண்டு, தொழில் திறனிலும் தொழில் தர்மத்திலும் அவை பின்தங்கியிருப்பதைச் சுட்டியது. லாரன்ஸ் கிரீகரும் கெனன் ஷெல்டனும், சட்ட மாணவரின் மனநலம் படிப்புக்காலத்தில் தாழ்வதையும், ஆசிரியர்கள் தம் சுயேச்சையை மதிக்கிறார்கள் என்று உணரும் மாணவரிடத்தில் அத்தாழ்வு குறைவாக இருப்பதையும் கண்டனர். இவை யாவும் வகுப்பறையை, அதிலும் முதல் வருஷ வகுப்பறையை, அனுபவத்தின் மையமாக வைப்பவை. மாலையில் மாணவர் எங்கே செல்கிறார், வாடகை எப்படிக் கொடுக்கிறார், வீட்டில் யாரைப் பராமரிக்கிறார் என்ற கேள்விகள் அம்மையத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நகரம் தரும் கல்வி

நகரத்துச் சர்வகலாசாலையில் பாடசாலைக்கு வெளியேயும் ஒரு பாடசாலை உண்டு. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் கொலம்பியா, கார்னெல், நியூயார்க் சர்வகலாசாலை ஆகிய மூன்றின் மாணவர்களும் நீண்டகாலம் வைத்தியம் பயின்றனர். அங்கே வந்த நோயாளிகள் பெரும்பாலும் பணம் கொடுத்துச் சிகிச்சை பெற இயலாத ஏழைகள். நகரத்தின் வறுமையே மாணவரின் பாடமாக அமைந்த இந்த ஏற்பாடு, அவருக்கு அளவற்ற அனுபவத்தைத் தந்தது என்பதும், ஏழையின் உடல் கற்றுக்கொள்வதற்கு, செல்வரின் உடல் சிகிச்சை செய்வதற்கு என்ற எண்ணத்தைச் சொல்லாமலே போதித்திருக்கலாம் என்பதும் ஒருங்கே கருதத்தக்கவை. பாடத்திட்டத்தில் எழுதப்படாத இத்தகைய போதனையை 1994-ல் ஃபிரெடரிக் ஹாஃபர்ட்டியும் ரொனால்டு ஃபிராங்க்ஸும் மறைபாடம் என்ற கருத்தின் கீழ் வைத்திய தர்மத்தோடு தொடர்புபடுத்தி விவாதித்தனர்.

சமூக சேவைக் கல்வி இதை மறைக்காமல் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கில் 1898-ல் ஒரு கோடைக்காலப் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் கொலம்பியாவோடு இணைந்த கல்லூரியும், 1920-ல் சிகாகோ சர்வகலாசாலையோடு இணைந்து எடித் அபட், சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் ஆகியோரின் வழிகாட்டலில் வளர்ந்த கல்லூரியும், களப்பணியைப் படிப்பின் இன்றியமையாத பாகமாக்கின. சட்டத்தில் இவ்வழி மெதுவாகவே திறந்தது. ஜெரோம் ஃபிராங்க் 1933-லேயே மருத்துவமனைப் பயிற்சியைப் போன்ற சட்டப் பயிற்சி வேண்டும் என்று வாதாடியும், 1968-க்குப் பின் ஃபோர்டு நிறுவனத்தின் பொருளுதவி கிடைத்த பிறகே ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி நிலையங்கள் கல்லூரிகளில் பரவலாயின. அங்கே பணிசெய்த மாணவர் பலருக்கு அதுவே படிப்பில் பொருள் நிறைந்த பகுதியாக இருந்தது என்று ஆசிரியர்கள் கூறுவர். ஆனால் அங்கே சேர்பவர் தாமே விரும்பிச் சேர்பவராகையால், நிலையம் அவரை மாற்றியதா, முன்னரே அவ்வியல்புடையவரை அது ஈர்த்ததா என்பது தெளிவாகவில்லை.

அக்கம்பக்கத்தார் சர்வகலாசாலையை எப்படி நோக்கினர் என்பதும் இவ்வனுபவத்தின் ஒரு பாகமே. 1968-ல் ஹார்லெம் மக்களுக்குரிய மார்னிங்சைடு பூங்காவில் கொலம்பியா உடற்பயிற்சிக் கூடம் கட்ட முற்பட்டபோது எழுந்த கிளர்ச்சி, களப்பணிக்கு வரும் மாணவரை அப்பகுதி மக்கள் எந்த ஸ்தாபனத்தின் முகமாகக் கண்டிருப்பர் என்பதை உணர்த்தப் போதுமானது.

மாலை வகுப்பினர்

நகரம் சர்வகலாசாலைக்கு அளித்த மற்றொரு மாணவர் வகுப்பு, பகலில் உத்தியோகமும் மாலையில் படிப்புமாக இருந்தவர்கள். வாஷிங்டனில் இன்று ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலை எனப்படும் ஸ்தாபனம் 1865-லேயே அரசாங்க குமாஸ்தாக்களுக்கு ஏற்ற நேரத்தில் சட்ட வகுப்புகளை நடத்தியது. பிலடெல்பியாவில் ரஸ்ஸல் கான்வெல் என்ற போதகர் 1884-ல் தொழிலாளருக்கு இரவில் போதிக்கத் தொடங்கியதே டெம்பிள் சர்வகலாசாலையாக வளர்ந்தது. பாஸ்டனில் கிளீசன் ஆர்ச்சர் 1906-ல் தம் வீட்டிலேயே தொடங்கிய மாலைச் சட்டப் பள்ளி இன்றைய சஃபோக் சர்வகலாசாலையின் வித்து. குடியேறியவர்களின் புதல்வர்களுக்கும், கடைச் சிப்பந்திகளுக்கும், குமாஸ்தாக்களுக்கும் வக்கீல் தொழிலின் வாயில் இவ்வழியாகவே திறந்தது.

வழக்கறிஞர் சங்கத்தின் தலைவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1921-ல் ஆல்ஃபிரட் ரீட் கார்னெகி நிறுவனத்திற்காக எழுதிய விரிவான அறிக்கை, சட்டத் தொழில் ஆட்சியோடு பிணைந்த ஒன்றாகையால் அதன் வாயில் வசதியற்றோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும், ஆகவே பகல் கல்லூரியும் மாலைக் கல்லூரியும் வேறு வேறு நோக்கத்தோடு நிலைத்திருக்கலாம் என்றும் கூறிற்று. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமோ அதே வருஷம், இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை முன்தகுதியாக்கும் தீர்மானத்தை நிறைவேற்றி, எதிர்த் திசையில் சென்றது. ஜெரால்டு ஆவர்பாக் 1976-ல் எழுதிய வரலாறு, தரத்தைப் பற்றிய இவ்வாதங்களில் குடியேறியவர்களின்மேல் கொண்ட வெறுப்பும் கலந்திருந்தது என்று வலிமையான சான்றுகளோடு நிறுவுகிறது.

ரீடின் அறிக்கை மாலை மாணவரின் உரிமைக்காக வாதாடியதே தவிர, அவருடைய அனுபவத்தை வாங்கி எழுதியதன்று. மெர்டனும், பெக்கரும், கினியரும் கண்டவர் பகல் மாணவரே. எட்டு மணி நேர உழைப்பிற்குப் பின் களைப்போடு வகுப்பில் அமர்பவருக்கு லாங்டெலின் கேள்விமுறை அச்சுறுத்தலாக இருக்கிறதா, அன்றி அலுவலகத்தில் அதைவிடக் கடுமையான அதிகாரத்தைக் கண்டு பழகியவருக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லையா? சக மாணவரோடு கூடிப் பேச நேரமே இல்லாதவர், பெக்கர் விவரித்த உடன்பாட்டில் எப்படிப் பங்குகொள்வார்? வகுப்புத் தோழரைவிட அலுவலக நண்பரும் குடும்பத்தினருமே அவருக்கு நெருங்கியவராயின், கல்லூரி அவருடைய மனப்பாங்கை மாற்றும் என்ற மெர்டனின் கொள்கையும் சமாளித்துக் கடக்கிறார் என்ற பெக்கரின் கொள்கையும் ஒருங்கே திருத்தம் பெற வேண்டியிருக்கும். இவ்விஷயத்தில் நமக்குள்ள அறிவின் வறுமை வருந்தத்தக்கது.

கடன்

அண்மைக்காலத்தில் இவ்விவாதம் முழுவதன்மீதும் கடன் படர்ந்திருக்கிறது. 2006 முதல், பட்டத்திற்குப் பிந்தைய மாணவர் படிப்பின் முழுச் செலவு வரையில் மத்திய அரசிடம் கடன் பெற முடிந்தது; 2025-ல் இயற்றப்பட்ட சட்டம் அத்திட்டத்தை நிறுத்தி, தொழிற்படிப்பினருக்கு வருஷத்திற்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு கட்டியது. இதனிடையே நியூயார்க் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி 2018-லும், பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஐன்ஸ்டைன் வைத்தியக் கல்லூரி 2024-ல் ரூத் காட்ஸ்மன் அளித்த நூறு கோடி டாலர் நன்கொடையினாலும் கல்விக் கட்டணத்தையே நீக்கின. பொதுநலப் பணியை நாடி வந்த மாணவர் வேறு வழி செல்வதற்கு வகுப்பறை காரணமா, கடன் காரணமா என்ற நெடுநாள் வழக்கில் இக்கல்லூரிகள் ஒரு பரிசோதனையாக அமையக்கூடும். ஆனால் கட்டணம் இல்லையென்றதும் சேர விரும்புவோரின் கூட்டமே மாறிவிடுமாதலால், விளைவைப் படிப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

தீராத விஷயங்கள்

படிப்புக்காலம் மாணவரைத் தொடாமல் விடுவதில்லை என்பதில் எல்லாக் கட்சியினரும் ஒன்றுபடுகின்றனர். மாற்றம் ஆழமானதா, தற்காலிகமானதா என்பதில் பெக்கரின் நிதானமே இன்றளவும் சான்றுகளோடு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஆயினும் கினியர் கண்ட பெண்களின் விஷயத்தில் ஒதுக்கி வைத்த லட்சியம் திரும்பியதா என்பதை அக்கட்டுரை கூறவில்லை. அதை அறியப் பட்டத்திற்குப் பின்னும் பல வருஷங்கள் அவர்களைத் தொடர்ந்திருக்க வேண்டும். 2000-ல் வக்கீல்களாகப் பதிவு செய்தவர்களைப் பன்னிரண்டு வருஷகாலம் பின்தொடர்ந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அது பட்டத்திற்குப் பின்னரே தொடங்குவதால், கல்லூரிக்குள் நேர்ந்ததைப் பின்னோக்கிய நினைவிலிருந்து மட்டுமே அறிய முடியும்.

வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு மத்திய அரசின் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை. அவர் வெளியே வேலை செய்யவும் கட்டுப்பாடுகள் உண்டு. படிப்பு முடிந்ததும் அந்நகரத்தில் தங்கலாமா என்பதே நிச்சயமில்லை. நம் நாட்டிலிருந்து, தமிழ் மாவட்டங்களிலிருந்தும், நிர்வாகப் படிப்பிற்குச் செல்லும் பலர் இந்நிலையினரே. தாம் தொழில் நடத்தப் போவது எந்தச் சமூகத்தில் என்று அறியாத மாணவர், எந்தச் சமூகத்தின் தொழில் நெறிகளை உட்கொள்வார் என்ற கேள்வியை மெர்டனின் காலத்து ஆராய்ச்சி எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியமும் அன்று அதற்கு இருக்கவில்லை.

மாலை வகுப்புகள் இன்னும் நடைபெறுகின்றன. அண்மைக்காலத்தில் அவற்றுட் பல கணினித் திரைக்கு மாறி, நகரத்திற்கே வராமல் நகரத்துச் சர்வகலாசாலையில் பயிலும் மாணவரையும் உண்டாக்கியிருக்கின்றன. பெல்வியூவின் வார்டும், சட்ட உதவி நிலையத்தின் வரிசையும், சக மாணவரின் உரையாடலும் இன்றி ஒரு தொழிலைக் கற்பவரிடம் எந்த மனப்பாங்கு உருவாகிறது என்பதை, அவர்களோடு பழகியும், அவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்தும் பார்க்காமல் எந்தக் கட்சியினரும் கூற இயலாது.